தவளம் போன பாதையில் குப்பை ரயில்

மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து என்ன போயிற்று, இங்கே என்ன வந்தது என்று சொல்பவை. கோப்பி போயிற்று, சிங்கோனாப் பட்டை போயிற்று, தேயிலை இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு மனிதர்களே மூட்டை முடிச்சுகளோடு போனார்கள். அரிசி வந்தது, கங்காணி வந்தார், ரயில் வந்தது. ஆனால் இங்கே எறியப்பட்டது என்ன என்று எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு சமூகம் எதை எறிகிறது, எங்கே எறிகிறது, யாருடைய கையால் எறிகிறது என்ற மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தின் கடந்த காலத்தைப் பார்த்தால், பாடப்புத்தகத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் வரலாற்றுக்கு அடியில் இன்னொரு வரலாறு கிடப்பது தெரியும். கொட்டகலை ஆசிரிய கலாசாலையில் பயிற்சி முடித்து, தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கும் எனக்கு அந்த அடி வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் உண்டு. பாடசாலை வாசலைத் தாண்டித்தான் அது தினமும் கானில் மிதந்து போகிறது என்பதும் ஒரு காரணம்.

தவளத்திலிருந்து தொடங்குவோம். கடற்கரையை இழந்து மலைக்குள் ஒடுங்கிய கண்டி இராச்சியத்துக்கு உப்பு இல்லாமல் முடியவில்லை. புத்தளத்து உப்பும் கருவாடும் புடவையும் பொதி மாடுகளின் முதுகில் மலையேறின. பாக்கும் மிளகும் அதே மாடுகளில் இறங்கின. அந்த மாடுகளை ஓட்டியவர்களில் கணிசமானோர் நமது முன்னோர் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தவளம் தங்கிய இடங்களில் பின்னாளில் கடைகளும் பள்ளிவாசல்களும் ஊர்களும் எழுந்தன. தவளம் தங்கிய இடத்தில் மறுநாள் மிஞ்சியது சாம்பலும் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத்துண்டும்தான். ஒரு மழைக்குப் பின் அவையும் மண்ணோடு போயிருக்கும். முன்னோர் சுத்தத்தில் நம்மைவிட மேலானவர்கள் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. உக்காத பொருள் அவர்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மலை முதன்முதலில் பெருமளவில் கழிவைக் கண்டது கோப்பிக் காலத்தில். 1830களிலிருந்து காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. கோப்பிப் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கொட்டையை எடுக்க ஓடை நீர் வேண்டும். அரைத்து நீக்கிய சதை மறுபடி ஓடையிலேயே போகும். புளித்து நாறிய அந்த நீரைக் கீழே இருந்த லயம் குடித்தது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பழச்சதை இல்லை. அதனால் ஓடை சற்று மூச்சுவிட்டது எனலாம். ஆனால் லயத்து மனிதர்களின் கழிவு? அதற்கென ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் தோட்டங்களுக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அமைப்பினர் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கக்கூசு கட்ட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். புழு இரத்தத்தைக் குடித்தால் தொழிலாளிக்குச் சோகை பிடிக்கும், சோகை பிடித்தவர் மலையில் வேலை செய்ய மாட்டார். அந்தக் கணக்குப் புரிந்த பிறகுதான் பல தோட்டங்களில் குழிகள் வெட்டப்பட்டன. கழிவின் செலவு கொழுந்துக் கணக்கில் தெரியும்போது மட்டும் அது செலவாகக் கொள்ளப்பட்டது. இந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நுவரெலியா நகரத்தின் பிறப்பே ஒரு சுகாதாரக் கதை. 1819இல் டாக்டர் ஜோன் டேவி அந்தச் சமவெளியைப் பற்றி எழுதினார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1820களின் இறுதியில் அங்கே மாளிகை கட்டினார். கொழும்பின் வெக்கையிலும் காய்ச்சலிலும் நொந்துபோன வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேறுவதற்கான இடமாக அது வகுக்கப்பட்டது. 1848இல் வந்த சாமுவேல் பேக்கர் மரக்கறியும் மாடும் வளர்த்து ஆங்கிலக் கிராமம் ஒன்றை அமைக்கப் பார்த்தார். ஆளுநர் வில்லியம் கிரகரி 1870களில் ஏரியை உண்டாக்கினார். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. நல்ல காற்றுக்காகவே கட்டப்பட்ட ஊர் அது. அந்த நல்ல காற்றைப் பேணுவதற்குப் பங்களாக்களின் பின்வாசலில் வாளி தூக்கிய கைகள் வேண்டியிருந்தன. பிரித்தானியர் காலத்தில் இலங்கை நகரங்களின் துப்புரவுப் பணிக்கெனத் தமிழ்நாட்டிலிருந்து தாழ்த்தப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டார்கள். கண்டியில் மகியாவைக் குடியிருப்பு அவ்வாறு உருவானதுதான். தலைமுறைகள் கடந்தும் அந்தத் தொழிலும் அந்த முகவரியும் அவர்களை விடவில்லை. நகரத்தின் கழிவை அகற்றும் செலவில் மறைந்திருக்கும் முதற்பங்கு இந்த மனிதர்களின் வாழ்வு. மாநகர சபையின் வரவு செலவுத் திட்டத்தில் அது சம்பளம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

பெரிய மாற்றம் 1977க்குப் பிறகு வந்தது. திறந்த பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். அதற்கு முந்திய தோட்டத்துக் கடைகளை நினைவுள்ள மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: பருப்பும் சீனியும் பத்திரிகைத் தாளில் சுற்றி நூல் கட்டித் தரப்படும், மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோக வேண்டும், பிஸ்கட் தகரம் காலியானால் அதில் அரிசி இருக்கும். உடைந்த போத்தலுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் விலை பேசிக்கொண்டு தோளில் சாக்கோடு லயம் லயமாக ஏறிய வியாபாரிகளில் நம்மவர் பலர். இன்று மேல்நாட்டு நிபுணர்கள் மீள்சுழற்சி என்று கருத்தரங்கு வைக்கும் விடயத்தை அவர்கள் எந்தப் பெயரும் வைக்காமல் செய்தார்கள். சமூகத்தில் அவர்களுக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி நான் சொல்லாமல் விடுகிறேன்.

பிறகு சொப்பிங் பேக் வந்தது, லன்ச் சீட் வந்தது, ஷாம்பூவும் பால்மாவும் மசாலாத் தூளும் சிறு பக்கற்றில் வந்தன. நாட்கூலிக்காரருக்குச் சிறு பக்கற்று ஓர் ஆடம்பரம் என்று நினைத்தால் தவறு. 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. முழுப் போத்தல் ஒன்றை ஒரே தடவையில் வாங்கக் கையில் காசு சேராதவர்தான் ஒரு தலைக்குளிப்புக்கு ஒரு பக்கற்று என்று வாங்குவார். கம்பனிகள் இதை நன்றாக அறிந்திருந்தன. 2007இல் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 செப்டெம்பரில் லன்ச் சீட் போன்றவை தடைக்குள் வந்தன. 2021 மார்ச் 31இல் சிறு பக்கற்றுகளில் ஒரு பகுதிக்கும் தடை வந்தது. தடை ஒவ்வொன்றும் வர்த்தமானியில் முழுமையாக இருக்கிறது. கடையில் எவ்வளவு இருக்கிறது என்பதை வாசகர் தம் தெருமுனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி நீரைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறுகளின் படம் வரையச் சொல்லும்போது நான் ஹட்டன் நகரத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். ஹட்டன் ஒரு நீர்ப்பிரி மேட்டில் இருக்கிறது. ஹட்டன் ஓயாவில் விழும் மழை மகாவலிக்குப் போகிறது. நகர சபையின் மற்றப் பாதியான டிக்கோயாவிலும், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்திலும் விழும் மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வந்து, கெசல்கமுவ ஓயாவாகக் கீழிறங்கி, மஸ்கெலியா ஓயாவோடு கித்துல்கலைக்கு அண்மையில் கலந்து களனி கங்கையாகிறது. ஒரே நகர சபையின் குப்பை இலங்கையின் இரண்டு பேராறுகளுக்கும் சொந்தக்காரன். நுவரெலியாவின் நீர் நானுஓயா வழியே கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியைச் சேர்கிறது. மகாவலியின் கரையில் கண்டி நகரத்தின் கொஹாகொடக் குப்பைமேடு பல தசாப்தங்களாகத் தன் சாற்றை ஆற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்ததைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்திருக்கிறார்கள். களனியின் கீழ்ப்பகுதியில் அம்பத்தலையில் எடுக்கப்படும் நீரைத்தான் கொழும்பும் சுற்றுப்புறமும் பெரும்பகுதி குடிக்கின்றன.

குப்பைச் சாறு என்றேன். இது எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது உணவும் மரக்கறியும் இலைகுழையும். ஈரம் நிறைந்தது. அதை மேடாகக் கொட்டினால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீதேன் வாயு வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு தொன் மீதேன் ஏறத்தாழ 28 தொன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். மேலே விழும் மழை குப்பைக்குள் இறங்கி, பற்றரியின் ஈயத்தையும் மின்குமிழின் பாதரசத்தையும் அழுகலின் அமிலத்தையும் கழுவிக்கொண்டு கறுத்த சாறாக அடியில் வடியும். அதுதான் கசிநீர். அடியில் களிமண்ணோ தடுப்பு விரிப்போ இல்லாவிட்டால் அது நிலத்தடி நீரையும் ஓடையையும் தேடிப் போகும். வரண்ட நாட்டில் இது மெதுவாக நடக்கும். வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. அங்கே சரிவில் கொட்டிய குப்பையை ஆனி, ஆடி மழை ஒரே இரவில் கொண்டுபோய்விடும். குப்பை அகன்றுவிட்டது என்று நகரம் நினைக்கும். அது முகவரியைத்தான் மாற்றியிருக்கிறது. குப்பைக்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. சிறுத்தை லயத்துக்கு வந்தால் மறுநாள் பத்திரிகையில் சிறுத்தைதான் குற்றவாளி.

நுவரெலியா மாநகர சபை தன் குப்பையை மூன் பிளேன்ஸ் சமவெளிக்குக் கொண்டுபோகிறது. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிய உதவியோடு அந்த இடம் சீர்செய்யப்பட்டது. கண்ட இடத்தில் கொட்டுவதற்குப் பதிலாக முறையாக மண்மூடிப் புதைப்பதற்கு இலங்கையில் எடுக்கப்பட்ட முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே கல்வேஸ்லாந்து தேசியப் பூங்கா, பக்கத்திலேயே உருளைக்கிழங்கு விதைப்பண்ணை, பின்னாளில் உல்லாசப் பயணிகளுக்கான மலைக்காட்சி மேடையும் வந்தது. நல்லதொரு தொடக்கம்தான். ஆனால் ஏப்ரல் வசந்தகாலத்தில் நகரத்துக்குள் நுழையும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அளந்து கட்டிய குழி எதுவும் அந்தக் கூட்டத்துக்காக அளக்கப்பட்டதல்ல. ஹட்டனின் கதை இன்னும் சிக்கலானது. குப்பை கொட்ட இடமில்லை என்பது பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. நகரத்தைச் சுற்றியிருப்பது தோட்டக் காணி. நகர சபை இடம் தேடினால் தோட்டத்தைத்தான் தேடும். தோட்டத்தில் வெறும் நிலம் என்று கோப்பில் எழுதப்பட்டிருக்கும் பள்ளத்துக்குக் கீழே எப்போதும் ஒரு பீலி இருக்கும், அந்தப் பீலிக்குக் கீழே ஒரு லயம் இருக்கும்.

பாவா ஆதம் மலையைக் குறிப்பிடாமல் இதைத் தாண்ட முடியவில்லை. 1344இல் இப்னு பதூதா அந்த மலைக்கு ஏறினார். சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், கிழ்று பெயரால் வழங்கிய குகையருகே யாத்திரிகர்கள் தாம் கொண்டுவந்தவற்றை வைத்துவிட்டு மேலே போவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். பௌத்தரும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லி உரிமை கொண்டாடும் ஒரே மலை அது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். இன்றும் யாத்திரிகர்கள் கொண்டுவந்ததை வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், இறங்கி வரும்போது எடுப்பதில்லை. நல்லதண்ணியிலிருந்து மேலே படிக்கட்டின் இரு மருங்கிலும் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட் உறையும். அந்த மலையின் நீர் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1969இல் அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடத்தின் எச்சங்கள் வெளியே வரும். மக்கள் குடும்பம் குடும்பமாகப் பார்க்க வருவார்கள். சேற்றில் அந்தக் கற்களைச் சுற்றிப் பொலித்தீன் ஒட்டிக் கிடக்கும். நகரம் மூழ்கியபோது அது அங்கே இருக்கவில்லை.

கீழ்நாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலைநாட்டுக் கதை முழுமையாகும். கொழும்பின் குப்பை நீண்டகாலம் சதுப்பு நிலங்களை நிரப்பப் பயன்பட்டது. பின்னர் புளூமெண்டலில் மேடாக எழுந்தது. ஒல்லாந்தர் வைத்த அந்தப் பெயருக்குப் பூக்களின் பள்ளத்தாக்கு என்று பொருள். 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அங்கே கொட்டுவது நின்றது. குப்பை கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லைக்குப் போனது. தற்காலிகம் என்றார்கள். அந்த இடத்தின் சிங்களப் பெயரில் இருந்த கும்புர என்ற சொல் வயலைக் குறிக்கும். வயலாக இருந்த சேற்று நிலத்தின் மீது நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் ஏறியது. சுற்றியிருந்த குடும்பங்கள் ஊர்வலம் போயின, வழக்குப் போட்டன. 2017 ஏப்ரல் 14, தமிழ் சிங்களப் புத்தாண்டு நாள் பிற்பகலில் அந்த மலை சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். மலைநாட்டில் மண்சரிவை நாம் அறிவோம். மழை நாட்களில் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையை வானொலியில் கேட்டபடி பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் பாடசாலைகளுக்கு உண்டு. குப்பைச் சரிவை முன்கூட்டிச் சொன்னவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான்.

மீதொட்டமுல்லைக்குப் பிறகு தீர்வு தூரத்தில் தேடப்பட்டது. புத்தளம் மாவட்டத்தில் வனாத்தவில்லுப் பிரதேசத்து அருவாக்காட்டில், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பூமிக்கருகே ஒரு பெரும் குப்பைக்கிடங்கு. களனியில் ஏற்றி ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுபோவது, நாளொன்றுக்கு 1200 தொன் வரை என்பது திட்டம். 2018 செப்டெம்பர் இறுதியில் புத்தளத்தில் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. 2019 ஓகஸ்டில் குப்பை லொறிகள் போகத் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபரில் கிடங்கில் வாயு வெடிப்பு ஒன்றும் நிகழ்ந்தது. ஏற்கெனவே சீமெந்துத் தூசியும், 2011இலிருந்து நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் சாம்பலும் கண்ட மாவட்டம் அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்கள் உடுத்த உடையோடு வந்து ஒதுங்கியதும் அங்கேதான். அடியில் விரிப்புப் போட்டு, கசிநீரைச் சுத்திகரித்துச் செய்யும் கிடங்கு மீதொட்டமுல்லையைவிட எத்தனையோ மேல் என்று பொறியியலாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறுக்க எனக்கு அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அத்தனை பாதுகாப்பான ஒன்று கொழும்பிலிருந்து ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற புத்தளத்தாரின் கேள்விக்கு நேரான பதிலை நான் எங்கும் வாசிக்கவில்லை. ஒரு காலத்தில் உப்பை மேலே அனுப்பிய ஊர் அது.

கிழக்கில் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், நம் கரையோர ஊர்களின் குப்பை போய்ச்சேரும் திறந்தவெளியில், யானைகள் உணவு மணம் பிடித்து வந்து பொலித்தீனோடு சேர்த்துத் தின்றன. 2022 தொடக்கம் வரையான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அவ்விதம் இறந்ததாகச் சொல்லப்பட்டது. வெள்ளைக்காரர் பங்கும் இல்லாமலில்லை. 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் பழைய மெத்தைகள் என்ற பெயரில் குப்பை வந்தது. அதில் மருத்துவக் கழிவும் இருந்தது தெரியவந்து, வழக்கு நடந்து, 2020 செப்டெம்பரிலிருந்து 2022 பெப்ரவரி வரை கட்டம் கட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டன. நாட்டுக்கு நாடு என்றால் கப்பலைத் திருப்பலாம். நகரத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த ட்ரக்டரைத் திருப்பி அனுப்ப எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது?

இன்னொரு விசித்திரத்தையும் இங்கே பதிய வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. நுவரெலியாவின் மரக்கறிப் பாத்திகளும் தேயிலை மலைகளும் அந்த ஆண்டு பட்ட பாட்டை விவரிக்கத் தேவையில்லை. சேதனப் பசளை தேடிச் சீனாவரை ஆள் போயிற்று. அங்கிருந்து வந்த கப்பலில் கிருமி இருக்கிறது என்று பெரிய சர்ச்சையாயிற்று. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. நாட்டில் நாளொன்றுக்கு உண்டாகும் குப்பை ஏறத்தாழ 7000 தொன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பாதிக்கு மேற்பட்டது பசளையாகக்கூடியது. அந்த ஆண்டு முழுவதும் அது பொலித்தீனோடும் கண்ணாடித் துண்டோடும் கலந்து மேடுகளில் அழுகிக்கொண்டே இருந்தது. 2008இல் தொடங்கிய பிலிசரு வேலைத்திட்டத்தில் பல உள்ளூராட்சி சபைகளுக்குக் கூட்டெருக் களங்கள் கட்டிக் கொடுக்கப்பட்டன. கட்டடம் கட்டுவது எளிது. வீட்டு வாசலிலேயே இரண்டாகப் பிரித்துத் தராவிட்டால் அந்தக் கூட்டெருவைத் தன் பாத்தியில் போட எந்த விவசாயியும் துணிய மாட்டார், வெறுங்காலோடு நடப்பவர் அவர்.

நம் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கந்தூரிச் சோறு சஹனில் பரிமாறப்பட்ட காலத்தில் ஆறு பேருக்கு ஒரு தட்டு, கழுவி அடுக்கினால் முடிந்தது. இன்று கலியாண மண்டபத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். நோன்புக் கஞ்சி பிளாஸ்டிக் குவளைக்கு மாறி எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். உழ்ஹிய்யா எலும்பும் குடலும் ஆற்றோரத்தில் போடப்படுவது பற்றி ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முன் குத்பாவில் சொல்லப்படுகிறது. சொல்ல வேண்டியிருப்பதே விடயத்தைக் காட்டுகிறது. இதை மற்றவர் சொன்னால் வேறு நோக்கம் இருக்கலாம் என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆகவே நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிட அது தடையாக நின்றது. தோட்டம் தனியார் பூமி என்பது அதன் தர்க்கம். ஆகவே தேர்தலில் வாக்களிக்கும் உரிமை லயத்துக்கு இருந்தது, குப்பை எடுக்கும்படி கேட்கும் உரிமை இருக்கவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகு லயத்து வாசலைக் கூட்டவும் கானைச் சுத்தம் செய்யவும் போடப்பட்ட ஆட்கள் எத்தனையோ தோட்டங்களில் குறைந்து போனார்கள். கம்பனிக்கு அது செலவு. சபைக்கு அது சட்டவிரோதம். அம்பகமுவப் பிரதேச சபையும் நுவரெலியாப் பிரதேச சபையும் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஒவ்வொன்றாக நின்ற காலம் அது. 2018 தேர்தலுக்கு முன் அந்த இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகள் பிறந்தன. அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுக் கோரிக்கை அது. அந்தத் திருத்தத்துக்காக உழைத்தவர்களை மலையகம் மறக்கக் கூடாது.

சட்டம் திருந்தினால் ட்ரக்டர் வரும் என்று நினைத்தோம். ட்ரக்டர் வருகிறது, கடைவீதியும் தார்ப்பாதையும் முடியும் இடம் வரை. மேல் டிவிசன் லயங்களுக்கு அங்கிருந்து இரண்டு மைல் கல்ரோட்டு ஏற்றம். ஆகவே அந்திக்கு வேலைவிட்டு வந்த பெண்கள் லயத்துக் கோடியில் குவித்துக் கொளுத்துகிறார்கள். பொலித்தீன் எரியும் புகையில் டயொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது, அது உடம்பில் தங்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள், பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். கொளுத்தாவிட்டால் கானில் போட வேண்டும், கான் ஓடைக்குப் போகிறது. குழந்தைகளின் பம்பஸ் எரியாது, அது நேரே ஓடைக்குத்தான். நகர சபையின் கணக்கிலோ, கம்பனியின் கணக்கிலோ, பிரதேச சபையின் கணக்கிலோ இந்தப் புகைக்கு ஒரு சதம் செலவு எழுதப்படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்காசாக, தண்ணீர் காய்ச்ச எரிக்கும் விறகாக, இருமலால் விழுந்த அரைப் பேராக அந்தச் செலவு லயத்துக்குள் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவர்கள் உக்குவதற்கு ஒரு குழியும் உக்காததைச் சேர்த்து வைக்க ஒரு கொட்டிலும் போட்டார்கள். சேர்த்த பிளாஸ்டிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய சாமான் வியாபாரி ஒருவர் லொறியில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். உக்கும் குழி மூன்றரை அடி, ஆனி மழையில் நிரம்பி வழிந்து கீழ்லயத்துப் பீலிப் பக்கம் ஓடப் பார்த்தது, வாழைத்தடலும் மண்மூட்டையும் போட்டுத் தடுத்தோம். மேட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று வெட்ட வேண்டும். அந்த மேடு தோட்டக் காணி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து ஏழு வாரமாகிறது.